பெட்டியோடு வந்தவள்

12.3.1999, வெள்ளி

இன்று கல்லூரி அலுவலகத்தில் நான் சொன்ன பொய் தூங்கவிடமாட்டேன் என்கிறது.

குளத்தூர்ப் பெண் செல்வி, விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் டிசம்பரில் படிப்பை விட்டாள். டி.சி. தட்டச்சு செய்தது நான்தான். "ஸ்காலர்ஷிப் வந்துரும் சார், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்று அழுதாள். "வந்ததும் வா, சேத்துக்கிடுவாங்க" என்றேன். ஆளை அனுப்பினால் போதும் என்று சொன்ன வார்த்தை அது.

உதவித்தொகை இந்த வாரம்தான் வந்தது. இன்று முதல் பஸ்ஸிலேயே அவளும் வந்துவிட்டாள், தகரப்பெட்டியும் கையுமாக. இப்போது தீப்பெட்டி ஆபீசில் வேலையாம். நகமெல்லாம் பசை காய்ந்திருந்தது.

"பணம் வந்துட்டுன்னு கூடப் படிச்ச பிள்ளைக சொல்லுச்சு. நீங்கதான சார் வரச் சொன்னீங்க?"

பெயரை நீக்கியாயிற்று; இனி மறுபடி சேர்க்கமாட்டார்கள். படிப்பில் இல்லாதவள் பணம் திரும்பிப் போய்விடும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பிரின்சிபால் இல்லம்மா. திங்கக்கிழமை வா." அவர் உள்ளேதான் இருந்தார்.

அவள் முகம் வாடவே இல்லை.

"சரி சார். அப்ப பெட்டி இங்கனயே இருக்கட்டும். திரும்பச் சுமந்துட்டு வரணும்லா" என்று என் மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள்.

வேண்டாமென்று நான் சொல்லவில்லை.