சலாம் சொல்லாத குரல்

அன்பு மகன் அயாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் சொல்ல வேண்டிய சங்கதி இது. நீ வேலையாக இருப்பாய் என்றுதான் எழுதுகிறேன். ஒரு திருடனை உன் அம்மா தனியாளாக விரட்டிவிட்டாள்! பேகம்பூர் முழுக்க இன்று என் பேச்சுதான்.

காலையில் போன் வந்தது. "ஹலோ, அம்மா! வண்டியில அடிபட்டு ஆஸ்பத்திரில கிடக்கேன். உடனே ரெண்டு லட்சம் அனுப்பும்மா" என்று நீ அழுகிறாய். அச்சு அசல் உன் குரல்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அடகு வைக்க வளையலைக் கழற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு பாஸிலா ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சலாம் சொல்லவில்லையே! பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கோபமாகப் படியிறங்கிய அன்றுகூட நீ சலாம் சொல்லாமல் போகவில்லை.

"ஏலே, யார்றா நீ? எம்மவன் சலாம் சொல்லாம வாயத் தொறக்க மாட்டான்லே!"

நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பாஸிலா உடனே சைபர் போலீஸுக்கு, அந்த 1930-க்கு அடித்துப் புகார் சொன்னாள். நீ போடுகிற பிரியாணிக் கடை வீடியோக்களிலிருந்து உன் குரலை எடுத்து, கம்ப்யூட்டரில் அதே மாதிரி பேச வைத்திருப்பார்களாம். உன் வீட்டுக்காரியிடமும் சொல்லி வை. அவள் வளையலும் பத்திரமாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. திருடன் என்று தெரிந்த பிறகும், சத்தம் போடாமல் செத்த நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் குரலில் அவன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா