வாசலில் சொன்ன ரிப்போர்ட்

அண்ணி, உங்கள் அறை ஜன்னலில் தொங்கிய கறுப்புத் திரையை இன்று கழற்றித் துவைத்தேன். போன பொங்கல் நமக்கு இல்லை. இந்தப் பொங்கலுக்காவது வெள்ளையடிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் அதைத் தொட்டிருக்க மாட்டேன். வாளியில் முக்கும் முன்னால் ஒரு தடவை முகத்தில் வைத்துப் பார்த்தேன். மடிப்புக்குள் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசம் இருந்தது. இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. சோப்புப் போடாமல் துவைக்கிற கல்லிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். கோணலாகத்தான் எழுதுவேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

அப்போது அண்ணன் சவுதியில் இருந்தார். ஆத்தாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து படுக்கையாகிவிட்டது. நான் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்தவள். யாராவது ஒருத்தி எந்நேரமும் ஆத்தா பக்கத்தில் இருக்க வேண்டும். அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நைட் டூட்டி. பகலில் தூங்குவதாகப் பேர். கீரைக்காரி, கேஸ்காரர், ஊசி போடச் சொல்லி வருகிற தெருச்சனம், யாரும் விட மாட்டார்கள். உங்கள் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய சிஸ்டர் உங்களைக் கூப்பிட்டு, பகல் டூட்டியில் ஓர் இடம் காலியாகிறது, வேண்டுமா என்று கேட்டார். "இனிமே ராத்திரி மனுசி மாதிரி படுப்பேன்" என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அதே வாரம் கடைவீதி தையல்கடை அக்கா என்னை ஜாக்கெட் தைக்கக் கூப்பிட்டிருந்தார். அதுவும் பகல் வேலை. இரண்டு பேரும் பகலில் போக முடியாது. எனக்கு ஆசை தொண்டை வரைக்கும் இருந்தது. ஆனாலும் உங்களிடம் மூச்சு விடவில்லை. தையல்கடை அக்காதான் பிரஷர் பார்க்க வந்த இடத்தில் உங்களிடம் சொல்லிவிட்டார்.

நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே பெரிய சிஸ்டரிடம் போய், நைட்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டீர்கள். சோறு போடும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நான் ஒங்ககிட்டக் கேட்டேனா அண்ணி?"

"கேக்கலை. அதான் எனக்குக் கோவம். திங்கக்கெழமை கடைக்குப் போற."

"ஒங்க ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"ஒன் மூஞ்சியப் பகல் பூராப் பாத்துக்கிட்டுக் கெடக்கறதுக்கு இது தேவலாம் நாத்தனாரே. கொழம்ப ஊத்து."

அண்ணன் போனில் சத்தம் போட்டார். "பொண்டாட்டிய ராத்திரி வேலைக்கு அனுப்பிட்டு இங்கிட்டு ஒக்காந்திருக்கேன்னு ரூமுல கேலி பண்றாங்க."

"கேலி பண்றவங்களுக்கு ராத்திரி நெஞ்சு வலிச்சா, பகல் நர்ஸா வந்து பாப்பா? கேட்டுச் சொல்லுங்க."

போனில் அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

கடையில் சேர்ந்ததும் நான் முதலில் தைத்தது இந்தத் திரையைத்தான். இரண்டு துணியைச் சேர்த்து, வெளிச்சம் ஒரு பொட்டு உள்ளே வராமல் தைத்தேன். கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று ஆத்தாவின் நல்ல கைப் பக்கம் ஒரு சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்தீர்கள். ஆத்தா தட்டினால் எழுந்திருப்பீர்கள். தட்டாத நேரத்தில் தூங்குவீர்கள். அந்த இருட்டுதான் நான் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

காலையில் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது நான் டிபன் கேரியரோடு வாசலில் நிற்பேன். சும்மா போக விட மாட்டீர்கள். "எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தி வாயால சொல்லாம அடுத்தவ டூட்டி எடுக்க மாட்டா. ரிப்போர்ட் சொல்லு."

"நம்ம ஆத்தாதான அண்ணி."

"எனக்கு அத்தைதான். படுத்துட்டா பேஷண்டு. சொல்லு."

ஒரு நாள் நேரமாகிவிட்டதென்று சொல்லாமல் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்கள் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே வந்து, "மாத்திர குடுத்தியா இல்லையா?" என்று ரோட்டில் நின்று கத்தினீர்கள். நான் படியில் தொங்கிக்கொண்டு, "குடுத்தாச்சு! கஞ்சி பாதிதான் குடிச்சுச்சு! வெளிக்கிப் போகலை!" என்றேன். கண்டக்டர், "போனதும் தகவல் சொல்லி விடுங்கம்மா, பஸ்ஸே கவலைப்படுது" என்றார். கடை வரும் வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

ரிப்போர்ட் முடிந்ததும் எப்போதும் ஒன்று சொல்வீர்கள். "சரி. நான் பாத்துக்கறேன். நீ போ." வாழாமல் வந்தவளுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள் அண்ணி? அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறினேன்.

போன வருஷத்து ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நீங்கள் வேலை பார்த்த வார்டிலேயே உங்களைப் படுக்க வைத்தார்கள். ஆத்தாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். குரல் அடைத்திருந்தது. கையை மட்டும் அசைத்து, "ரிப்போர்ட்" என்றீர்கள். ஆத்தா சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி. நான் பாத்துக்கறேன். நீ போ" என்றீர்கள். பழக்கத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்து, நானும் பழக்கத்தில் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் நீங்கள் இல்லை.

அண்ணன் ஊரோடு வந்துவிட்டார். பகலில் அவர்தான் ஆத்தாவைப் பார்க்கிறார். வாசலில் நிறுத்தி ரிப்போர்ட் சொன்னால் முதலில் விழிப்பார். இப்போது அவரே, "மாத்திரையச் சொல்லாமப் போறியே" என்று கூப்பிடுகிறார். ஆனால் உங்கள் அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டுவார்.

திரை கொடியில் காய்கிறது. சாயங்காலம் அதே ஜன்னலில் மாட்டிவிடுவேன். இன்றைக்கு ரிப்போர்ட் இதுதான் அண்ணி. ஆத்தா நல்லாத் தூங்குச்சு. கஞ்சி முழுசும் குடிச்சுச்சு. மாத்திரை குடுத்தாச்சு. டம்ளரைத் தட்டி இன்னும் உங்களைத்தான் கூப்பிடுது. நான் போய் நின்றால் கையைப் பிடித்துக்கொள்ளும்.

சரி அண்ணி. நான் பாத்துக்கறேன். நீங்க போங்க.