அம்மாவைக் குனியச் சொன்னார்கள்

என் பிரியத்துக்குரிய அப்பா,

காஜா பெராங் பண்ணையில் நம் மாடுகள் நலம். செவலை மறுபடி கன்று ஈன்றிருக்கிறது. நல்ல சேதிகளாகவே எழுத நினைத்தேன். ஆனால் வயிறு எரிகிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, வீடு வீடாகப் பால் ஊற்றி மட்டும் காலம் தள்ள முடியவில்லை. மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் ஓலைக் கூரை போட்டு ஒரு கடை வைத்தோம். அம்மா தோய்த்த தயிர், மோர், நெய், வேலியோரத்து மல்லிகை. பக்கத்து மலாய்க்காரர்கள்கூட மோருக்கு வந்தார்கள்.

பிறகு அண்ணன் ஒரு யோசனை சொன்னான். மெர்டேக்கா என்று நாடு விடுதலை பெற்ற பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரிலிருந்து நிறையக் கார்கள் வருகின்றன. பண்டார் ஹிலிரில் பழைய கோட்டையைப் பார்த்தவர்கள் நம் பண்ணையையும் பார்க்கட்டுமே என்றான். பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சுற்றிவந்தான். கன்றுக்குப் புல் ஊட்ட விட்டான். கூட்டம் சேர்ந்தது. நானே மெச்சினேன், அப்பா.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

போன வாரம் அம்மா கையில் ஒரு பழைய கைலியையும் கிழிந்த சட்டையையும் கொடுத்தான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் அவள் உடுத்திய மாதிரி.

"இதைப் போட்டுக்கிட்டு, புல்லுக்கட்டைத் தலையில வச்சிக்கிட்டு நில்லும்மா. வர்றவங்க படம் பிடிக்க ஆசைப்படுறாங்க."

"அண்ணே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றேன்.

"வெக்கப்பட்டா வியாபாரம் நடக்குமா? சும்மா படத்துக்குத்தானே லா!"

புல் அறுப்பது கேவலமா? தினமும் விடியலில் அம்மா அறுக்கிறாள், நானும்தான். எவர் கண்ணுக்காகவோ கந்தல் உடுத்தி நிற்பது வேறு. கங்காணியின் அதட்டலுக்கு இனி என் வீட்டார் யாரும் குனியக் கூடாது என்றுதானே நீங்கள் தோட்டத்தை விட்டு வந்தீர்கள்? வெள்ளைக்காரன் கொடி இறங்கியதைப் பார்க்க நீங்கள் இல்லை. அது இறங்கிய பிறகு, பெற்ற மகனே தாயைக் கூலிவேடத்தில் நிறுத்துவான் என்று யார் கண்டார்?

மகன் முகம் வாடுமே என்று அம்மா மறுக்காமல் உடுத்திக்கொண்டாள். கேமராவோடு வந்த ஒருவர், "இன்னும் கொஞ்சம் குனியச் சொல்லுங்க," என்றார். அம்மாவிடம் இல்லை, அண்ணனிடம்!

"குனிம்மா," என்றான் அவன்.

நான் கொட்டகையிலிருந்து பாய்ந்து வந்தேன். அதற்குள் அம்மாவே புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். உள்ளே போனாள். தீபாவளிச் சேலை கட்டி வந்து, கடை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப எடுங்கய்யா. இந்தக் கடைக்கும் மாடுங்களுக்கும் நான்தான் முதலாளி."

அவர் எடுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

"நீதான் அம்மாவைத் தூண்டிவிட்ட!" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தான். அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? அம்மாவுக்கும் தானாகக் கோபம் வரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடை நடக்கிறது, வண்டியும் ஓடுகிறது. கந்தலை நானே அடுப்பில் போட்டேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

பண்ணையைப் பார்க்க எத்தனை பேர் வந்தாலும் மாட்டைக் காட்டுவேன், கன்றைக் காட்டுவேன். அம்மாவை ஒருவருக்கும் காட்சிப்பொருளாக்க விடமாட்டேன். இது சத்தியம், அப்பா.

உங்கள் கோபத்தையும் சேர்த்தே சீதனமாகப் பெற்ற மகள்,
ராஜம்