சுண்ணாம்பு என்ன நிறம்

இன்று காலை ஸ்கேனுக்கு வந்த ஒருவரின் மார்புக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டது. காதில் வைக்கப் பஞ்சு கொடுக்கக் குனிந்தபோது கேட்டது. வாட்ச்சைக் கழற்றுங்கள் என்று சொல்ல வாயெடுத்த பிறகுதான் செயற்கை இதய வால்வு என்று புரிந்தது. அவருடைய வால்வு விவர அட்டையை வாங்கிச் சரிபார்த்து உள்ளே அனுப்பிவிட்டு, கன்சோல் முன்னால் வந்து உட்கார்ந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வேலை நேரத்தில் வராதே என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்?

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. எழுத வேண்டியதை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

பெங்களூரில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சென்டரில் நாம் இரண்டு பேரும் ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதற்கு முந்தின வருஷம்தான் உனக்கு வால்வு மாற்றியிருந்தார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டதாம். ஏ.சி. நின்றால் உன் டிக் டிக் எனக்குக் கேட்கும். "உள்ள ஒரு மெஷின், வெளிய ஒரு மெஷின், நடுவுல நான்" என்பாய். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் ஒரு நாளும் மறக்க மாட்டாய். அதை நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய், கை கால் விழுந்துவிடும் என்று முதல் வாரமே எனக்கு விளக்கம் சொன்னாய். அப்போது நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் வைத்துவிட்டேன்.

மூளையில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால் எம்.ஆர்.ஐ.யில் கண்டுபிடிப்பது எவ்வளவு தொந்தரவு என்பது நம் இருவருக்கும் தெரியும். இந்த மெஷின் தண்ணீரைப் பார்க்கிற மெஷின். சுண்ணாம்பில் தண்ணீர் ஏது? வெறும் கருப்புப் புள்ளியாகத் தெரியும். பழைய ரத்தக் கசிவும் அதே கருப்புதான். இரண்டையும் பிரிக்கத்தான் ஃபேஸ் படம் என்று இன்னொன்று எடுக்கிறோம். அதில் ஒன்று வெள்ளையாகவும் மற்றது கருப்பாகவும் வரும். எது எந்த நிறம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அதில்தான் சிக்கல். நீ அதற்கு ஒரு வழி வைத்திருந்தாய். தலைக்கு நடுவில் பட்டாணி அளவில் பினியல் என்று ஒரு சுரப்பி. வயது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே கொஞ்சம் சுண்ணாம்பு படிந்திருக்கும். அது இந்தப் படத்தில் என்ன நிறமோ, அதுதான் இந்த மெஷினில் சுண்ணாம்பின் நிறம். "மொதல்ல பினியல், அப்புறம்தான் மத்தது" என்று ஒவ்வொரு தலைக்கும் சொல்வாய். எனக்கு அலுப்பாக இருக்கும். நம் பழைய மெஷினில் சுண்ணாம்பு கருப்பு. ஒன்பது வருஷமும் கருப்புதான். எதற்குத் தினமும் பார்க்க வேண்டும்?

பிறகு நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் புதிதாகத் திறந்த சென்டருக்கு மாறினேன். வேறு கம்பெனி மெஷின். அது வந்து மூன்றாவது வாரம் நீ தலைவலி என்று வந்தாய். இரண்டு மாதமாக விட்டு விட்டு வலிக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் இதய டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார் என்றாய். உங்கள் சென்டரிலேயே எடுக்கலாமே என்று கேட்டேன். "எம் மண்டைக்குள்ள எங்க ஆளுங்க எட்டிப் பாக்க வேணாம்டி. நீன்னா பரவால்ல."

அசையாமல் படுத்தாய். படம் கண்ணாடி போல வந்தது. வலது பக்கத்தில் துவரம்பருப்பு அளவு ஒரு புள்ளி. ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் வீட்டிலிருந்து பார்ப்பவர், அவருக்கும் அந்த மெஷின் புதிது. போன் செய்து, ஃபேஸ் படத்தில் புள்ளி வெள்ளையாக இருக்கிறது, இந்த மெஷினில் சுண்ணாம்பு கருப்பா வெள்ளையா என்று கேட்டார்.

"பழைய மெஷின் மாதிரிதான் சார். கருப்பு" என்றேன்.

பினியலைப் பார்க்கவில்லை. பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். வீட்டுக்குப் போகும் கேப் கீழே காத்திருந்தது என்று சொல்லலாம், ஆனால் அதுவும் உண்மையில்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்திருந்தால் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் தீர்ந்திருக்கும், அதில் சுண்ணாம்பு தப்பாது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் நான் பதில் சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு கருப்பு என்றால் வெள்ளைப் புள்ளி ரத்தம்தான், மூளையில் சிறு ரத்தக் கசிவு என்று ரிப்போர்ட் போனது. கசிவு பெருகிவிடக் கூடாதென்று உன் இதய டாக்டர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார்.

ஐந்து நாள் மாத்திரை இல்லாமல் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் இருந்தாய். உன் தங்கை எனக்குத் தினமும் போன் செய்வாள். அக்கா ராத்திரி முழுக்க விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று சொன்னாள். ஐந்தாம் நாள் நீயே எங்கள் எம்.ஆர்.ஐ. படத் தட்டை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறாய். பினியலும் புள்ளியும் ஒரே வெள்ளை. உடனே என்னைக் கூப்பிட்டாய்.

"பினியலப் பாத்தியாடி?"

ரிப்போர்ட் எழுதின டாக்டர் பார்த்திருப்பார் என்றேன். நீ போனை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாய். ஒரு மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சுண்ணாம்பு. எந்தக் காலத்திலோ படிந்தது, தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரை திரும்பவும் ஆரம்பித்து, அது வேலை செய்கிற வரைக்கும் வயிற்றில் ஊசி போட்டார்கள். ரிப்போர்ட் டாக்டர் தன் தப்பு என்று சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். என் பெயரை எடுக்கவில்லை. என்னிடம், இனி இரண்டு பேரும் பார்த்துவிடுவோம் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து, உங்கள் தெருமுனை பேக்கரியில் எனக்குப் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தாய். வயிறெல்லாம் ஊசி போட்ட இடம் கன்றி நீலமாக இருக்கிறது என்று சிரித்தாய். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாய், டாக்டர் ரிப்போர்ட் எழுதும்போது என்னை ஏதாவது கேட்டாரா என்று.

இல்லையே என்றேன்.

"நல்ல வேள, படம் நல்லா எடுத்திருந்த. இல்லன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லி பில்லையும் நீயே கொடுத்தாய். அந்த நன்றியையும் நான் வாங்கிக்கொண்டேன். பஃப்ஸையும் முழுக்கச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். உன் தங்கை கல்யாணத்தில் சமையல்கட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு மணி நேரம் இருந்தோம். ஒரு மழை நாளில் நாம் ஏறிய பஸ் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டு அசையவே இல்லை. எல்லாவற்றையும் பேசினோம். இதை மட்டும் சொல்லவில்லை. தள்ளிப்போடத் தள்ளிப்போட, முதல் தப்பை விடத் தள்ளிப்போட்டதைச் சொல்வதுதான் கஷ்டமாகிவிட்டது.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. வால்வில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த ஐந்து நாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை, டாக்டர்களும் சொன்னார்கள், எனக்கும் தெரியும். தேறிவருகிறாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சாயங்கால விசிட்டிங் நேரத்தில் உன் தலையணையைச் சரிசெய்துவிட்டு, நின்றபடியே சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டார், சுண்ணாம்பு கருப்பு என்று நான்தான் சொன்னேன், பேக்கரியில் உன்னிடம் பொய் சொன்னேன்.

நீ அழவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தபடி சொன்னாய்.

"அஞ்சு நாள் ஒவ்வொரு வாட்டி கை மரத்துப் போறப்பவும், இதோ வந்துடுச்சுன்னு நெனச்சேன். அத விடு. தப்பு எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கு. அதுக்கு உன்ன மன்னிச்சுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாய். "ரெண்டு வருஷம் என் எதிர்ல உக்காந்து சாப்ட்டியே. அதுக்கு எனக்கு டைம் குடு."

நாளைக்கு வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம். நானே கூப்பிடறேன்" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஸ்கேன் அறைக்குள் போகும்போது மட்டும் வெளியே வைப்பேன், வந்ததும் எடுத்துப் பார்ப்பேன். நான்காம் நாள் காலை மணி அடித்தது. திரையில் உன் பெயர். எடுத்து, சொல்லுடி என்றேன். பேசியது உன் தங்கை.

இப்போது இந்த மெஷினில் என்ன நிறம் என்று யாராவது கேட்டால், பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதைப் பெரிய திருத்தமாக உன்னிடம் காட்டிக்கொள்ள மாட்டேன், நீ முதல் நாளிலிருந்தே செய்த வேலைதான்.

உன் தங்கைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா உங்களை எப்பவோ மன்னித்திருப்பாள் என்று அழுதாள். நல்ல பெண். ஆனால் நீ கொடுக்காததை அவள் கையிலிருந்து நான் எப்படி வாங்கிக்கொள்வது? நீ டைம் கேட்டாய். உன் நம்பரை அழிக்கவில்லை. அவசரமே இல்லை, எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்.