கையால் துளைத்த வண்டுக்கல்

2019 நவம்பர் 14, வியாழன், காலை 9.40. ஏதென்ஸ் விமான நிலையத்தில் பழம்பொருள் கடத்தல் என்று உன்னைப் பிடித்து இன்றோடு இருபத்திரண்டு நாள்.

மகன் நூபிக்கு அப்பா எழுதுவது. குர்னாவில் நானும் அம்மாவும் மூச்சோடு இருக்கிறோம், உன் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க அல்லாஹ்வைக் கேட்டுக்கொள்கிறோம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், வக்கீல் நேற்றுப் பேசினார், உன் கழுத்தில் தாயத்தாகக் கிடந்த வண்டுக்கல் பாரோ காலத்தது, மூவாயிரம் வருஷப் பழசு என்று அங்கே நிபுணர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். போன ரமலானில் நான் செய்தது அது! தொழிற்பள்ளியில் படித்தவன் சொல்கிறேன், செதுக்கிய கல்லின் வயதைச் சொல்லக் கருவி கிடையாது, உளித் தடத்தைத்தான் பார்ப்பார்கள். கடைக்குப் போகும் வண்டு எல்லாவற்றுக்கும் மோட்டாரில் துளை போடுகிறேன், பூதக்கண்ணாடியில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். உனக்கென்று செய்ததை மட்டும் செம்புக் கம்பியும் மணலும் வைத்துக் கையால் துளைத்தேன், புதுப் பளபளப்புப் போக மாவுருண்டைக்குள் வைத்து வான்கோழிக்கு மூன்று தடவை விழுங்கக் கொடுத்தேன், அதன் வயிற்றில் அரைபட்டு வந்தால் பழசு போலாகும். பெற்ற பிள்ளைக்குக் கடைச் சரக்கைத் தருவதா என்ற திமிர். இங்கே தொல்பொருள் அலுவலகத்தில் இதைச் சொன்னால், "அப்போ அந்த வான்கோழியைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க, உஸ்தா" என்று அதிகாரி சிரிக்கிறார். அதை ஈத் அன்றே அறுத்துத் தின்றாகிவிட்டது. அம்மா வேறு, "சூரியனை உருட்டிட்டு வர்ற வண்டு, போனவன் விடியல் மாதிரி திரும்பி வருவான்னு வெள்ளைக்காரிகிட்ட அளக்குற கதையை நீயே நம்பிட்டியாய்யா? செத்தவன் நெஞ்சுல வைக்கிறதை உசுரோட இருக்கிற புள்ளைக்கு மாட்டிவிட்டியே!" என்று காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறாள். "நெஞ்சே, எனக்கெதிராகச் சாட்சி சொல்லாதே" என்று அதன் வயிற்றில் பழைய எழுத்தில் வெட்டியவனும் நான்தான். இப்போது உனக்கெதிராக இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கல்.

இனி செய்யப்போவது:

1. அதே கல்லில் இன்னொன்று செய்து, முதல் கொத்திலிருந்து வீடியோ எடுத்து அனுப்புகிறேன். எனக்குச் செய்யத் தெரியும் என்றுதான் அது காட்டும், உன்னுடையதை நான் செய்தேன் என்று காட்டாது என்கிறார் வக்கீல். இருந்தாலும் செய்வேன்.

2. அது எடுபடாவிட்டால், நம் பழைய வீட்டுக்கு அடியிலிருந்த கல்லறையில் தோண்டி எடுத்தேன், புதுசு என்று ஏமாற்றி மகனுக்கு மாட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நிஜத்தை நம்ப ஆளில்லை, இதை நம்புவார்கள். இங்கே அதற்குப் பல வருஷம் ஜெயில். எனக்கு முப்பத்தெட்டு வயதுதான், தாங்குவேன்.

3. அப்புறம் உன்னிடம் கேட்பார்கள். அப்பா ஏமாற்றிவிட்டார் என்று சொல், அப்பா செய்தது என்று மட்டும் வாய் திறந்துவிடாதே.

கொடுத்ததைச் சாப்பிடு. அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
ஹக்காக்