மகளை ஜெயிக்க ஒரு தத்துவப் படிப்பு

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் பாடம் இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது. "உங்கள் வேகத்தில் படிக்கலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். என் வேகம் பின்பக்கமாகப் போகும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஐம்பத்திரண்டு வயதில், பத்தாவதோடு நின்ற குழாய்க்காரனுக்கு, வீட்டிலிருந்தபடியே தத்துவ அறிமுகம் எதற்கு? எல்லாம் மகளால். காப்பீட்டு அலுவலகத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள், அதை விட்டுவிட்டு என்னோடு குழாய் வேலைக்கு வருகிறாளாம். கூடாது என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். "நீங்க சொல்றதுல தர்க்கமே இல்லையேப்பா" என்றாள். தர்க்கம்தானே வேணும்? பணத்தைக் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி ராஜினாமா கடிதம் கொடுக்கப் போகிறாள். அதற்குள் இந்த மூன்றாம் பாடத்தை முடித்தாக வேண்டும்: வாதம் அமைப்பது எப்படி.

மார்ச் 8, ஞாயிறு

சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாதம் எழுத வேண்டும். எழுதினேன்.

ஒன்று: குழாய் வேலை கஷ்டமான வேலை.
இரண்டு: என் மகளுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.
ஆகவே: அவள் குழாய் வேலைக்கு வரக்கூடாது.

பார்க்கவே கம்பீரமாக இருந்தது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"போன மாசம் இதைத்தானே கத்துனீங்க. இப்ப நம்பர் போட்டிருக்கீங்க, அவ்வளவுதான்."

மார்ச் 11, புதன்

பாடம் திருத்தும் அம்மாவிடமிருந்து பதில்: "நீங்கள் சொல்லாமல் விட்ட எடுகூற்று ஒன்று இருக்கிறது. கண்டுபிடித்து எழுதவும்."

எடுகூற்று என்றால் முடிவைத் தாங்கி நிற்கும் கூற்று. கட்டிலுக்குக் கால் மாதிரி. சரி, ஆனால் சொல்லாமல் விட்டதா? நானா? நான் எதையாவது சொல்லாமல் விட்டதாக இந்த வீட்டில் இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

"கஷ்டமான வேலையை யாரும் செய்யக்கூடாது" என்று எழுதி அனுப்பினேன். "அப்படியானால் நீங்களும் செய்யக்கூடாது அல்லவா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா தாயே! நான் செய்யலேன்னா உங்க வீட்டு அடைப்பை யாரு எடுப்பா, எடுகூற்றா வந்து எடுக்கும்?

மார்ச் 19, வியாழன்

"பெண்கள் பாரமான வேலை செய்யக்கூடாது" என்று தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி நிரம்பிய கேஸ் சிலிண்டரை ஒற்றைக் கையால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு உருட்டிவிட்டு, "காலைத் தூக்குங்க, பெருக்கணும்" என்றாள். அழித்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

கண்ணாடியை வேலைக்குப் போன வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். பாடம் திருத்தும் அம்மா அனுப்பியிருந்த நினைவூட்டலை மகளிடம் வாசிக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"யாருப்பா இந்த நீர் மேலாண்மை ஆலோசகர்?"

சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் நான் போட்டது. சும்மா ஒரு மரியாதைக்கு என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"என் ஸ்கூல் ஃபாரத்துலயும் ஒப்பந்ததாரர்னுதான் போட்டீங்க. ஒவ்வொரு வருஷமும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன்.

மார்ச் 26, வியாழன்

எழுதினேன். "என் வேலை மட்டமான வேலை."

விடுபட்டது இதுதான். இதை வைத்தால் எல்லாம் பொருந்துகிறது. அனுப்பிவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் இந்தக் கையாலதானே எல்லாருக்கும் சோறு — என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 30, திங்கள்

"பாராட்டுகள். உங்கள் வாதம் இப்போது முழுமையாக இருக்கிறது. மூன்றாம் பாடத்தில் தேர்ச்சி. எடுகூற்று உண்மையா இல்லையா என்பதை நான்காம் பாடத்தில் பார்ப்போம்."

அடப்பாவிகளா. அதை முதல் பாடத்திலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

பச்சை எழுத்தில் தேர்ச்சி. மகளிடம் காட்டினால் போதும், ஜெயித்தேன். நாளைக்குத்தான் கடிதம் கொடுக்கிறாள்.

காட்டவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

கொடுத்துவிட்டாளாம். "சரிம்மா" என்றேன். மனைவி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே 4, திங்கள்

இரண்டாம் மாடி வீடு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கசிவு. மகள் உள்ளே தலையை நுழைத்துக்கொண்டாள், கால் மட்டும் வெளியே. வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"படிச்ச பொண்ணாட்டம் தெரியுது. இந்த வேலைக்கா கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க. என் வேலைக்குத்தான்."

அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தார். அதற்குள் அடியிலிருந்து குரல்.

"அப்பா, அங்க என்ன பேச்சு? டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க."

நட்டை எதிர்ப்பக்கம் திருகிக்கொண்டிருந்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, காட்டினேன்.