கதவை மூடிய பிறகு

டிச. 9, செவ்வாய்
விடியும்போதே தூறல். படாளத்தில் பஸ் லேட். செங்கல்பட்டு ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் துப்பட்டா முழுக்க ஈரம்.

வேலை: பனிமலையில் ரோடு போடுகிறவர்கள் இடுப்பில் மாட்டும் கருவி. பனிச்சரிவில் ஆள் புதைந்தால், தேடுகிறவர்களுக்கு இடம் தெரிய அது விடாமல் கத்த வேண்டும். எந்த பேட்டரி என்று சொல்வது என் பொறுப்பு. சாதா அல்கலைனா, விலை கூடின லித்தியமா. மேனேஜருக்கு சாதாவே போதும்.

நம்மூரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? மாமல்லபுரம் பக்கம் ஒரு இறால் கம்பெனியின் குளிர் அறை. மைனஸ் இருபது. அறையைப் பார்த்துக்கொள்ளும் பாபு அண்ணன்:
"இன்னாமா, பேட்டரிக்கு சொட்டர் வாங்கலியா?"
சிரித்து வைத்தேன். ஒன்றில் சாதா, ஒன்றில் லித்தியம் போட்டுக் கத்தவிட்டு, இரண்டு கருவியும் உள்ளே.

டிச. 10, புதன்
வெளியே எடுத்து மேஜையில் வைத்தோம். இரண்டும் கத்தின. போனில் மேனேஜர், "ரெண்டும் ஓகேதானே? சாதான்னே எழுதிடு."
"சரி சார்."

ஆனால் கதவைத் திறந்தபோது ஒரு சத்தம்தான். சாதா பேட்டரி போட்டது என் உள்ளங்கைக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது.
"உன்னக் கண்டாதான் வாயத் தொறக்குது," என்றார் பாபு அண்ணன்.

கைச்சூடு. பனிக்கு அடியில் யார் கை?

சாதாவை மட்டும் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

டிச. 11, வியாழன்
நானே உள்ளே போனேன். இரவல் கோட்டு, இறால் வாடை.
"லைட்டையும் அணைச்சிடுங்கண்ணா."
"பேஜாரு புடிச்ச பொண்ணுமா நீ."

இருட்டு. காற்றாடியும் நின்றது. கருவி கையெட்டும் தூரத்தில்தான். சத்தமே இல்லை. "இருக்கியா" என்று கேட்டுவிட்டேன். வெட்கம்.

தடவி எடுத்தேன். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் அக்குளில். திரும்பப் போட்டதும் கத்தியது. பிறகு மெலிந்து, மெலிந்து, நின்றது. கையிலிருந்து கீழே வைக்க மனம் வரவில்லை.

டிச. 12, வெள்ளி
போனில் மேனேஜர், "வெளிய எடுத்தா வேலை செய்யுதில்ல? அப்புறம் என்ன?" "ஒருதடவ நேர்ல வாங்க சார்" மட்டும் சொன்னேன்.

மதியம் வந்தார். கருவி நேற்றிலிருந்து ரேக்கில். நாங்கள் இருவரும் உள்ளே போனதும் பாபு அண்ணன் வெளியிலிருந்து கதவை மூடினார், விளக்கை அணைத்தார்.

"எங்க இருக்கு அது?"
ரேக்கைத் தடவும் சத்தம். எதுவோ விழுந்தது.
"கவிதா, எங்கம்மா இருக்கு?"
மூச்சு வாங்கினார்.
"சரி. லித்தியமே போட்டுடலாம். கதவத் திறக்கச் சொல்லு. கவிதா? நீ இருக்கியா?"

பக்கத்திலேயே இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை.